பெயிண்ட் அடிக்காத இடம்

மரப்படகும் ஃபைபர் படகுமாக நின்றுகொண்டிருந்த பனைமேட்டுக் குப்பத்துக் கரைக்கு ஒரு நாள் ஓர் அலுமினியப் படகு வந்து சேர்ந்தது. வெயிலில் அது அடித்த பளபளப்பில், வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். வாங்கியவர் கலியபெருமாள். அதற்கு வெள்ளிவாளை என்று பெயர் வைத்தது அவர் மனைவி அஞ்சலாட்சி.

அந்தப் படகின் பின்பக்க அடியில், தண்ணீருக்குள் முழுகும் இடத்தில், அரைச் செங்கல் அளவுக்கு ஒரு துத்தநாகக் கட்டி திருகப்பட்டிருந்தது. இந்தக் கதை அந்தக் கட்டியைப் பற்றியது. தன்னைப் பற்றியது என்று படகு நினைத்துக்கொண்டிருந்தது, நினைத்துவிட்டுப் போகட்டும்.

கட்டிக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். கடல் தண்ணீருக்கு உலோகம் என்றால் தீராத பசி. எதையாவது அரிக்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. இரண்டு மூன்று உலோகங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு அதில் நின்றால், எது இளகின மனசோ அதை முதலில் தின்னும். துத்தநாகம் அலுமினியத்தைவிட இளகியது. அதை முதல் இலையில் பரிமாறிவிட்டால் கடல் அடுத்த இலைக்குக் கை நீட்டாது. படகைக் கட்டிக்கொடுத்த வெல்டர் ஹபீப் இதைச் சொல்லித்தான் கட்டியைத் திருகினார்.

"கலியண்ணே, இது கரையும். கரையத்தான் வெச்சிருக்கேன். தீர்ற மாதிரி ஆனதும் வாங்க, வேற போட்டுத் தரேன். அதுவரைக்கும் இதுல மட்டும் கை வெச்சிடாதீங்க."

கலியபெருமாள் அப்போது புது இஞ்சினின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி சரி" என்றார். எதற்குச் சரி என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

ஆனால் கட்டி ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கரையத்தான் வைத்திருக்கிறார்கள். நல்லது, கரைவோம். அன்றைக்கே அது முடிவு பண்ணிவிட்டது.

முதல் எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. கடல் வந்தது, கட்டியைக் கொறித்தது, போனது. கட்டியின் மேலெல்லாம் குழி விழுந்தது. ஓரங்கள் சொறசொறத்துப் போயின. வெள்ளிவாளை மட்டும் வந்த நாளில் இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தாள். கரையில் அவளுக்குக் கர்வம் கூடிக்கொண்டே போனது.

"உன்னைப் பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கு" என்றாள் ஒரு நாள். "பக்கத்துப் படகுங்க எல்லாம் கேக்குதுங்க, உன் பின்னால என்ன சொறி புடிச்சிருக்குன்னு. என்ன பதில் சொல்றது?"

"சொறின்னே சொல்லு" என்றது கட்டி. "நான் அழகா இருந்தா நீ அசிங்கமாயிடுவ. எது வேணும் உனக்கு?"

படகுக்கு அது புரியவில்லை. புரிகிற இடத்தில் அவள் அப்போது இல்லை.

மாசிமகம் வந்தது. அன்றைக்குச் சாமி கடலாட வரும். குப்பத்துப் படகுகள் எல்லாம் புதுப் பெயிண்டும் மாவிலையுமாகச் சாமிக்கு எதிரே வரிசைகட்டி நிற்கும். எவன் படகு எப்படி இருக்கிறது என்று ஊரே பார்க்கும் நாள். அதற்கு முந்தின நான்கு நாளும் கலியபெருமாள் கடலுக்குப் போகாமல், ஆளும் வைக்காமல், தன் கையாலேயே படகுக்கு வண்ணம் தீட்டினார். அடியில் நீலம், மேலே மஞ்சள், மூக்கில் இரண்டு கண். பெற்ற பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற பதனத்தோடு தூரிகையை ஓட்டினார். கடைசியில் படகைச் சாய்த்துப்போட்டு அடிப்பக்கம் வந்தபோது கட்டியைப் பார்த்தார்.

"அடடா, இது ஏன் இப்படிப் புழுத்துப்போயிருக்கு?" என்று அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. உப்புத்தாளை எடுத்து நன்றாகத் தேய்த்தார். தேய்த்து, துடைத்து, நீலப் பெயிண்டை ஒன்றுக்கு இரண்டு பூச்சாக அடித்தார்.

"வேண்டாம், வேண்டாம்" என்று கட்டி கத்தியது. கட்டி கத்துவது யார் காதில் விழும்?

"சும்மா இரு" என்றது பெயிண்ட், இதமான குரலில். "உன்னை அழகு பண்ணத்தான் வந்திருக்கேன். இனிமே ஒரு சொட்டுத் தண்ணிகூட உன்னைத் தொடாது. நிம்மதியாத் தூங்கு."

"தொடணும்டா பாவி. தொடத்தான் நான் இருக்கேன்."

"இதென்ன பேச்சு! யாராவது கடிக்கிறதுக்குக் கன்னத்தைக் காட்டுவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே பெயிண்ட் காய்ந்துபோனது.

அதே நாள் சாயங்காலம் அஞ்சலாட்சி கோவிலிலிருந்து ஒரு செப்புத் தகடு வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளங்கை அகலம், மேலே கோடும் கட்டமும் எழுத்துமாகக் கீறியிருந்தது. இந்த எட்டு மாதமும் வெள்ளிவாளைக்கு நல்ல மீன்பாடு. கரையில் எத்தனை கண் பட்டிருக்கும் என்று அஞ்சலாட்சிக்குப் பயம். அவளுடைய அப்பாவின் மரப்படகில், மூக்குக்குக் கீழே, தண்ணீர் தொடும் இடத்தில் இப்படி ஒரு தகடு அடித்திருந்தது. கடலம்மா அதைப் பார்க்க வேண்டும், பார்த்து வழிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்தப் படகு இருபத்தெட்டு வருஷம் ஓடியது.

"அப்பா படகுல இருந்த அதே எடத்துலதான் வெக்கணும்" என்றாள். கலியபெருமாள் மறுக்கவில்லை. துளை போட்டு, நாலு திருகாணி வைத்து முடுக்கினார். மரத்துக்கு அந்தத் தகடு ஒரு கெடுதலும் செய்யாது. அலுமினியத்துக்கு அது எமன் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

பெயிண்ட் அடித்தவரும் பாசத்தில்தான் அடித்தார். தகடு வைத்தவளும் பாசத்தில்தான் வைத்தாள். படகைக் கெடுக்க வேண்டும் என்று ஒரு விரோதி உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

மாசிமகத்தில் வெள்ளிவாளையைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. திருவிழா முடிந்து கடலுக்குப் போன முதல் நாள், கடல் தண்ணீர் வழக்கம்போல் பசியோடு பின்பக்கம் வந்தது. கட்டி இருந்த இடத்தில் வழவழவென்று நீலம். மோந்து பார்த்துவிட்டு முன்பக்கம் போனது. அங்கே செம்பு உட்கார்ந்திருந்தது. செம்பைக் கடிக்க முடியாது, அது இறுகினது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த அலுமினியம் இளகிக் கிடந்தது. திருகாணித் துளையின் ஓரத்தில், பெயிண்ட் பிளந்திருந்த இடத்தில், கடல் பல்லை வைத்தது.

"எனக்கு மூக்குல அரிக்குது" என்றாள் வெள்ளிவாளை.

"திருஷ்டி கழிகிறது, அம்மா" என்றது தகடு. கோவிலில் இருந்து வந்ததால் அதன் பேச்சே தனி. "அப்படித்தான் இருக்கும். உன்னைக் காக்கவே என்னை அனுப்பியிருக்கிறார்கள். என்மேல் எழுதியிருப்பதைப் பார்க்கவில்லையா?"

பின்னாலிருந்து கட்டி, பெயிண்டுக்குள் புதைந்த குரலில் சொன்னது: "அது திருஷ்டி இல்ல. உன்னைத் தின்னுக்கிட்டிருக்கு."

"பொறாமை" என்றது தகடு, கோபப்படாமல்.

"ஆமா, பொறாமைதான்" என்றாள் படகு. "அழகா ஆனப்புறமும் உன் வாய் அடங்கல பாரு."

பங்குனி போனது. தகட்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. சித்திரையில் வெள்ளிவாளைக்கு அரிப்பு வலியாகிவிட்டது. அலை எதிரே வந்து அறையும்போதெல்லாம் மூக்கு அதிர்ந்தது. அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

கட்டிக்கு அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. அரைச் செங்கல் கனத்தில் தான் முழுசாக உட்கார்ந்திருக்க, காக்க வேண்டியவள் மூக்கு உதிர்கிறது. கலியபெருமாள் தினமும் இந்த மூக்கை நம்பித்தான் அலையில் ஏறுகிறார். ஒரு நாள் அது கழன்று விழுந்தால், கரைக்கு வர வேண்டியவர் வரமாட்டார். கட்டிக்குக் கை இல்லை, பெயிண்டைச் சுரண்ட முடியாது. கையுள்ள யாரிடமாவது கேட்டாக வேண்டும். யாரும் அகப்படவில்லை. அப்போதுதான் மணலின் நினைப்பு வந்தது.

தினமும் மீன்பாடு முடிந்து வந்ததும் டிராக்டர் வந்து படகைக் கயிறு கட்டி மேட்டுக்கு இழுக்கும். மணலில் போட்ட உருளைக்கட்டைகளின் மேல் சவாரி போகும் அந்த நூறு அடியில், அடிப்பக்கம் மணலில் படவும் படாமலும் போகும்.

"மணலே, என்னை ஒரு தேய் தேயேன்" என்றது கட்டி.

"தேய்க்கலாம். எங்க வேலையே அதுதானே" என்றது மணல். அது எப்போதும் கூட்டமாகத்தான் பேசும். "ஆனா உன் படகு உன்னைத் தூக்கிக்கிட்டே போறா. நீ எங்க மேல படவே இல்லயே. அவளைக் குண்டியை இறக்கச் சொல்லு."

கட்டி படகிடம் சொன்னது. படகு அலறிவிட்டாள்.

"அவர் தன் கையால அடிச்ச பெயிண்டு! நாலு நாள் கடலுக்குப் போவாம அடிச்சாரு. அதைப் போய் மணல்ல தேய்க்கச் சொல்றியே, உனக்கு நன்றி இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் சொல்றேன்" என்றது கட்டி. "அவர் அடிச்ச பெயிண்டு வேணுமா, அவர் வேணுமா?"

 அன்றைக்குப் படகு மேட்டில் போய் நின்றாள். அஞ்சலாட்சி கூடையோடு வந்தாள். கலியபெருமாளின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் மீன் பிரிக்க உட்கார்ந்தாள். அவர் கரைக்கு வந்ததும் அப்படி ஒரு தரம் பார்ப்பது அவளுக்கு வழக்கம். வெள்ளிவாளை அதை இதுவரை கவனித்ததில்லை. அன்றைக்குக் கவனித்தாள்.

மறுநாள் டிராக்டர் இழுத்தபோது அவள் பின்பக்கத்தைக் கனமாக இறக்கினாள். உருளைக்கட்டை நழுவியது. சரசரவென்று சத்தம் கேட்டது.

"எவண்டா அங்க, கட்டையைச் சரியா வைங்கடா! பெயிண்டு போவுது!" என்று கலியபெருமாள் கத்தினார். கட்டையைச் சரியாகத்தான் வைத்தார்கள். அடுத்த நாளும் அவள் இறக்கினாள். அதற்கடுத்த நாளும் இறக்கினாள். படகுக்கு என்ன வந்தது என்று யாருக்கும் புரியவில்லை.

ஆறாம் நாள் கட்டியின் ஒரு மூலையில் பெயிண்ட் பெயர்ந்து, நகத்தளவுக்குத் துத்தநாகம் வெளியே தெரிந்தது. "எங்களால ஆனது இவ்ளோதான்" என்றது மணல்.

"இது போதும்" என்றது கட்டி.

மறுநாள் கடலில் இறங்கியதும் அது கூப்பிட்டது. "ஏ உப்புத் தண்ணி! அங்க என்ன பண்ற? உன் இலை இங்க போட்டிருக்கு, வா."

தண்ணீர் வந்தது. நகத்தளவு வாசலில் வாயை வைத்துத் தின்றது. ஒரே இடத்தில் தின்றால் எவ்வளவு வேதனையாக இருக்கும்! கட்டி ஒரு வார்த்தை முனகவில்லை. முழு உடம்பால் செய்ய வேண்டிய வேலையை ஒரு மூலையால் செய்தது. முன்பக்கத்து அரிப்பு நிற்கவில்லை. ஆனால் வேகம் குறைந்தது. வைகாசியும் ஆனியும் அப்படிப் போயின. மூலையில் விழுந்த குழி கட்டிக்குள் பொந்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஆடி மாதம் ஒரு விடிகாலை. வலையில் கானாங்கெளுத்தி மீன் நிறைய விழுந்து, படகு கழுத்து முட்டும் பாரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தது. கலியபெருமாளும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். கரை கோடாகத் தெரிகிற தூரத்தில் காற்று எழும்பியது. மூன்றாவது அலையில் மூக்கு இறங்கி எழுந்தபோது, தகட்டுக்குப் பக்கத்திலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் உள்ளே பீய்ச்சியது.

"ஓட்டை! அண்ணே, மூக்குல ஓட்டை!"

கலியபெருமாள் தலைத்துண்டை உருவித் திணித்தார். திணித்த கைக்கு அலுமினியம் அப்பளமாக நொறுங்குவது தெரிந்தது.  "மீனை வாரிக் கொட்டுங்கடா! எல்லாத்தையும் கொட்டுங்க!" என்றார். மூன்று பேரும் அள்ளி அள்ளிக் கடலில் கொட்டினார்கள்.

முன்னால் தகட்டுக்கு முதன்முறையாகக் குரல் நடுங்கியது. "என் பக்கத்திலா? என்னாலா? நான் காக்கவல்லவா வந்தேன்!"

"தெரியும்" என்றது கட்டி. "உன் மேல தப்பில்ல. உன்னை வெச்ச எடம் தப்பு."

"என்னைக் கழற்றிவிடேன்."

"கையுள்ளவங்க கழட்டுவாங்க. அவங்க கரைக்குப் போய்ச் சேரணும், அவ்ளோதான். வெள்ளி, மூக்கைத் தூக்கிப் புடி. பின்னால நான் இருக்கேன்."

பாரம் குறைந்ததும் வெள்ளிவாளை மூக்கை உயர்த்தினாள். ஓட்டை தண்ணீருக்கு மேலே வந்தது. மீதியிருந்த அலுமினியம் வளைந்தது, முனகியது, கிழியவில்லை. மூன்று பேரையும் அவள் கரையில் கொண்டுவந்து போட்டாள். அஞ்சலாட்சி அன்றைக்குக் கலியபெருமாளை ஒரு தரம் பார்த்ததோடு நிறுத்தவில்லை. மணலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஹபீப் வந்தார். மூக்கைத் தட்டிப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், பின்னால் போய்க் குனிந்து நீலக் கட்டியைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, கடல் திங்கட்டும்னு வெச்சதுக்குப் பெயிண்டு அடிச்சு மூடியிருக்கீங்க. திங்கக் கூடாததுல செம்பைக் கொண்டாந்து முடுக்கியிருக்கீங்க. இதுக்கு மேல படகு என்னதான் பண்ணும்?"

"அது சொறி புடிச்சாப்ல இருந்துச்சு தம்பி. பார்க்க நல்லால்லன்னு..."

"அது நல்லால்லாம இருந்தாத்தான்ணே வேலை செய்யுதுன்னு அர்த்தம்." ஹபீப் மூலையிலிருந்த பொந்தில் சுண்டுவிரலை விட்டார். முழு விரலும் உள்ளே போனது. "இந்த நகத்தளவு எடம் எப்படித் தொறந்துதோ! இவ்ளோண்டு வழியிலயே இது இம்புட்டுக் குடுத்திருக்கு. இல்லன்னா ஓட்டையோட போயிருக்காது, மூக்கே கழண்டிருக்கும்."

கலியபெருமாள் அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மணலில் தேய்ந்துபோன தன் பெயிண்டுக்காக ஆறு நாள் ஆட்களை ஏசியது அவருக்கு நினைவு வந்தது.

"தகட்டைக் கழட்டிடலாமா அண்ணி?" என்று கேட்டார் ஹபீப்.

அஞ்சலாட்சி சட்டென்று நிமிர்ந்தாள். "எங்கப்பா இருபத்தெட்டு வருசம் இது மாதிரி ஒண்ணை வெச்சுத்தான் போயிட்டுப் போயிட்டு வந்தாரு. இதைக் குப்பையில போடச் சொல்றீங்களா?"

 ஹபீப் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் தகட்டையும் பார்த்தாள், அதைச் சுற்றிப் பூத்திருந்த வெள்ளைப் பொடியையும் பார்த்தாள். பிறகு தானே திருப்புளியை வாங்கி நாலு திருகாணியையும் கழற்றினாள். தகட்டை முந்தானையில் துடைத்தாள். மூலைத் துளையில் கறுப்புக் கயிறு கோத்து, கலியபெருமாளைக் குனியச் சொல்லிக் கழுத்தில் கட்டினாள்.

"படகு திரும்பி வரணும்னா கேட்டேன்? நீங்க வரணும்னுதானே கேட்டேன்" என்றாள்.

அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்த தகடு பெருமூச்சு விட்டது. அங்கே அரிக்க எதுவும் இல்லை.

ஹபீப் மூக்குக்குப் புது அலுமினியம் வைத்துப் பற்றவைத்தார். கட்டியின் மேலிருந்த நீலத்தைக் கடைசித் துளி வரைக்கும் சுரண்டி எடுத்தார். "வேற மாத்தணுமா?" என்று கலியபெருமாள் கேட்டார். "இன்னும் பாதிக்கு மேல இருக்குண்ணே. அது வந்த வேலையை அது முடிக்கட்டும்" என்றார் ஹபீப். கட்டிக்கு அந்த நாளில் இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. தண்ணீரில் இறங்கியதும், "வா, உக்காரு" என்று கடலைக் கூப்பிட்டது.

அடுத்த மாசிமகம் வந்தது. இந்த முறையும் கலியபெருமாள் தன் கையால்தான் பெயிண்ட் அடித்தார். கட்டிக்கு வந்ததும் அதைச் சுற்றிக் காகிதம் ஒட்டிவிட்டு, அப்புறம் தூரிகையை எடுத்தார். கட்டி அதற்குள் தேய்ந்து தேய்ந்து சவுக்காரத் துண்டு மாதிரி ஆகியிருந்தது; பார்க்கச் சகிக்காது. பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இவ்ளோ ஜோரா அடிச்சுட்டு அங்க மட்டும் அசிங்கமா விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

வெள்ளிவாளைக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரைப் பார்த்து அசிங்கம்ங்கற?" என்று கத்தினாள். படகு கத்துவதும் யார் காதில் விழும்? கலியபெருமாள் மட்டும் கழுத்துத் தகட்டைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

அஞ்சலாட்சி சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்தாள். படகின் மூக்குக்குப் பொட்டு வைத்தாள். இஞ்சினுக்கு வைத்தாள், துடுப்புக்கு வைத்தாள், நங்கூரத்துக்கு வைத்தாள். குனிந்து அடிப்பக்கம் வந்தாள். கட்டியின் முன்னால் சந்தனம் தொட்ட விரல் நீண்டது, பாதியில் நின்றது.

அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அந்தக் கை, கட்டிக்கு மட்டும் எதையும் பூசாமல், இன்னொரு கையோடு சேர்ந்து கும்பிட்டது.